தொண்ணூற்று நான்கு சதவீதம்

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘பிளஸ் மைனஸ் மிஸ்’. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் “கூட்டல் கழித்தல் எவ்வளவு?” என்று கேட்காமல் அவள் விட்டதில்லை. தலைமை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, “நம்ம பெற்றோர்கள்ல பெரும்பாலானவங்க திருப்தியா இருக்காங்க” என்றால், டீச்சர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, யாரைக் கேட்டார் இந்த மனுஷன், தன் காரோட்டியையா என்று நினைத்துக்கொள்வாள். பத்தில் ஒன்பது பல் மருத்துவர்கள் சிபாரிசு செய்யும் பற்பசை என்று தொலைக்காட்சியில் வந்தால், அந்தப் பத்துப் பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருப்பார்கள் என்பாள். உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எண்ணைக் கையில் கொடுப்பது குழந்தை கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பது மாதிரி என்பது அவள் முடிவு. அந்த முக்கால்வாசிக்கும் கூட்டல் கழித்தல் உண்டு என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் அவள் இளக்காரத்தின் பெரும்பங்கு வீட்டிலேயே ஒருவருக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் அவளுடைய கணவர்.

கணவர் முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். பிறகு ஒரு மருந்துக் கடையின் மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு எடுத்து, கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்றைத் தொடங்கினார். பாடம் நடத்தத் தெரியாது. அதற்கு ஆள் வைத்திருந்தார். அவர் வேலை இயக்குநராக இருப்பது. அட்டையிலும் இயக்குநர், கதவிலும் இயக்குநர். நாற்சந்தியில் தொங்கிய பேனரில் அவர் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும். தேர்வில் ஜெயித்த பிள்ளைகள் அவர் கழுத்துக்குக் கீழே பொத்தான் பொத்தானாகத் தெரிவார்கள். அதன் அடியில், பேருந்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி: “எங்களிடம் படித்தவர்களில் 94% தேர்ச்சி!”

அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் டீச்சர் எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு போவாள்.

விகிதங்களை மதிப்பிடும் பாடம் தொடங்கிய நாள் அது. ஒரு பெரிய கூட்டத்தில் எத்தனை பேர் இப்படி, எத்தனை பேர் அப்படி என்று தெரிய எல்லோரையும் கேட்க வேண்டியதில்லை. யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கல் மாதிரி தற்செயலுக்கு விட்டுவிட்டு, ஒரு சிறு பகுதியை மட்டும் கேட்டால் போதும். மாதிரி என்று சொல்லப்படும் அந்தச் சிறு பகுதியில் கிடைக்கும் விகிதத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, உண்மை இதற்குள் இருக்கும் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். இதைச் சொல்லிவிட்டு, தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை என்றால் என்ன என்று கேட்டாள். முன்வரிசை கோரஸாக, “உண்மை அதுக்குள்ள இருக்க தொண்ணூத்தஞ்சு சதவீதம் சான்ஸ் இருக்கு மிஸ்” என்றது.

“இல்ல. உண்மை எங்கயும் ஓடாது. அது குளத்துல அசையாம கிடக்கற கல்லு. நீ வீசுற வலைதான் ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல விழுது. இதே மாதிரி நூறு தடவை வீசினா, ஏறக்குறைய தொண்ணூத்தஞ்சு தடவை கல்லு வலைக்குள்ள இருக்கும். நம்பிக்கை வீசுற முறை மேலதான், ஒரு வலை மேல இல்ல. புரியுதா?”

புரியவில்லை என்பது முகங்களில் எழுதியிருந்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். படிப்பில் சுமார், வாயில் முதல் ரேங்க்.

“மிஸ், நம்ம சாரோட பேனர்ல தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கே. அதுக்குக் கூட்டல் கழித்தல் எவ்வளவு மிஸ்?”

வகுப்பு முழுக்கக் கொல்லென்று சிரித்தது. டீச்சர் முகத்தில் எதையும் காட்டவில்லை. “மாதிரியை எப்படி எடுத்தாங்கன்னு தெரியாம சொல்ல முடியாது. உக்காரு” என்றாள். காது மட்டும் சிவந்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

“என்னங்க, அந்தத் தொண்ணூத்தி நாலு எங்கேர்ந்து வந்துச்சு?”

கணவருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அவள் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்டதே அபூர்வம். “கணக்குப் போட்டுத்தாம்மா. போன வருஷம் பாராட்டு விழா வச்சோம்ல, அதுக்கு ஐம்பது பிள்ளைங்க வந்தாங்க. நாப்பத்தேழு பேர் பாஸ். நாப்பத்தேழு பை ஐம்பது. நீதான கணக்கு டீச்சர், போட்டுப் பாரு.”

“பாராட்டு விழாவுக்கு யாரைக் கூப்பிட்டீங்க?”

“பாஸானவங்களத்தான். பின்ன ஃபெயிலானவங்களயா பாராட்டுவாங்க?”

“அப்ப அந்த மூணு பேரு?”

“அது…” கணவர் கொஞ்சம் யோசித்தார். “கூட்டாளிங்களோட சும்மா வந்துட்டாங்க. சாப்பாடு போட்டோம்ல.”

ஜெயித்தவர்களை மட்டும் கூப்பிட்டுவிட்டு, வந்தவர்களில் எத்தனை பேர் ஜெயித்தவர்கள் என்று எண்ணிய மனிதர் இவர். ஓசிச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் நுழைந்திராவிட்டால் பேனரில் நூறு என்று போட்டிருப்பார். கொடுமை என்னவென்றால் அவர் ஏமாற்றவில்லை. அந்த எண்ணை அவரே மனதார நம்பினார். ஏமாற்றுக்காரராக இருந்தால் கூடக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

“அது தப்பு” என்றாள்.

“அப்ப நீயே அளந்து பாரேன். உன் முறைப்படியே அள. தொண்ணூத்தி ஆறு வரும், எழுதி வச்சுக்கோ.”

மறுநாளே அளக்கத் தொடங்கினாள். மையத்தின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பது நாத்தனார். அண்ணன் இயக்குநர் ஆனதும் தங்கைக்கும் ஒரு சுழல் நாற்காலி கிடைத்தது. கணினியில் இருந்த, முந்தைய இரண்டு வருஷப் பிள்ளைகள் எல்லோருக்கும் வரிசை எண் போட்டு, பாடப் புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும் தற்செயல் எண்களின் அட்டவணையை வைத்து அறுபது பேரைப் பொறுக்கினாள் டீச்சர். கணவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “இவ்வளவு சிரமம் எதுக்கு? நல்ல பசங்களா பாத்து நானே அறுபது பேர் தர்றேனே” என்றார். நாத்தனாரும் தன் பங்குக்கு, “அண்ணி, இந்தப் பையன் மட்டும் வேண்டாம். அவங்கம்மா சரியான சண்டைக்காரி” என்றாள்.

“எண் வந்தா வந்ததுதான்” என்றாள் டீச்சர். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

பள்ளி விட்டு வந்து நான்கைந்து நாட்கள் மாலையில் உட்கார்ந்து அறுபது பேருக்கும் போன் போட்டாள். சிலர் மையத்தின் பெயரைக் கேட்டதும் பாதியில் வைத்தார்கள், மறுபடி போட்டாள். ஒரு பையன், “பாஸாகலைங்க. உங்க சார் பேனர்ல என் போட்டோ இருக்கே, அதை எடுக்கச் சொல்லுங்க, சொந்தக்காரங்க கேக்கறாங்க” என்றான். இன்னொருத்தியின் அப்பா போனைப் பிடுங்கி வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். திட்டு விழ விழ டீச்சருக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பதில் சொன்னவர்கள் நாற்பத்திரண்டு பேர். அதில் தேர்ச்சி பெற்றவர்கள் பதினாறு.

முப்பத்தெட்டு சதவீதம். இரண்டு பக்கமும் இடம் விட்டால் இருபத்து மூன்றிலிருந்து ஐம்பத்து மூன்று வரை. தொண்ணூற்று நான்கு எங்கோ அடுத்த ஊரில் நின்றுகொண்டிருந்தது.

அவள் அதை வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதினாள். எந்த மையம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. விகிதம், அதன் திட்டப்பிழை, அதை ஒன்று புள்ளி ஒன்பது ஆறால் பெருக்கினால் வரும் பிழை எல்லை என்று படிப்படியாக இறங்கி வந்தபோது, வருஷம் பூராவும் தூங்கிய பெஞ்சுகள் கூட விழித்துக்கொண்டிருந்தன. முடிவை எழுதியதும் கைதட்டினார்கள். இத்தனை வருஷ வேலையில் ஒரு வாய்ப்பாட்டுக்கு யாரும் கைதட்டி அவள் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அதே கணக்கைக் கணவர் முன்னால், சூடாக ஏதோ பரிமாறுகிற மாதிரி வைத்தாள்.

கணவர் தாளை இரண்டு முறை படித்தார். முகம் கறுத்தது.

“நாப்பத்திரண்டு பேருதானா? அறுபதுன்ன?”

“பதினெட்டு பேரு எடுக்கலை. நம்பர் உபயோகத்துல இல்லைன்னு வருது.”

“எடுக்காதவன் எவன்? பாஸாகி வெளியூர்க் காலேஜுக்குப் போனவன்! போன உடனே முதல் வேலையா புது நம்பர் வாங்கியிருப்பான். ஃபெயிலானவன்தான் அவங்கப்பா வாங்கிக் குடுத்த அதே போனோட இங்கயே உக்காந்திருக்கான். நீ இருக்கறவனுக்கு மட்டும் போனைப் போட்டுட்டு, இல்லாதவனை விட்டுட்ட. வேணும்னே பண்ணியிருக்க. நான் நல்லா இருக்கறது உனக்குப் பிடிக்கலை. உங்கண்ணனுக்கும் பிடிக்கலை…”

அண்ணன் வரைக்கும் போனது டீச்சர் காதில் விழவில்லை. அவள் அதற்கு முந்தின வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள்.

பதில் சொல்லாதவர்கள், சொன்னவர்களைப் போலவே இருப்பார்கள் என்று எண்ணக் கூடாது. இது அவள் ஒவ்வொரு வருஷமும் கேட்கும் இரண்டு மதிப்பெண் கேள்வி. விட்டவர்களுக்குச் சிவப்பு மையில் முட்டை போடுவாள், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் சேர்த்து. அதே தவறை அவள் செய்திருக்கிறாள். தெரியாமல் செய்யவில்லை. பதினெட்டுப் பேர் விடுபட்டது அவள் கண்ணில் பட்டது. வந்த எண் பிடித்துப்போனதால் மேலே கேட்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டியவரும் யார்? மாதிரி என்றால் கடையில் இனாமாகக் கொடுக்கும் ஷாம்பு உறை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர். தான் சரியான விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்பது கூட அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதையும் பேனரில் போட்டிருப்பார். இந்த ஆளிடம் போய்த் தோற்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்தப் பதினெட்டுப் பேரைத் தேடிப் போனாள். நாத்தனாருக்கு எந்தப் பிள்ளையின் அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்பதெல்லாம் அத்துப்படி. மேஜையில் உட்கார்ந்து வம்பு பேசியதன் பலன். சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, மகன் இரண்டாம் வருஷம் படிக்கிறான் என்று சொல்லிவிட்டு, அவன் விடுதி அறையின் படத்தையெல்லாம் காட்டினாள். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெரியவர் கதவைத் திறக்காமலேயே, “பாஸ், பாஸ், போங்க” என்றார். டீச்சர் விடாமல் கல்லூரியின் பெயரைக் கேட்டு வாங்கினாள். துணிக்கடையில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் இரண்டு முறை எழுதித் தோற்றவள். நம்பரை ஏன் மாற்றினாய் என்று கேட்டதற்கு, “உங்க சென்டர்லேர்ந்து டெய்லி மெசேஜ் வருது மிஸ். ‘தோல்வி முடிவல்ல, மீண்டும் சேருங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி’ன்னு. அதுக்குத்தான் மாத்தினேன்” என்றாள். நாத்தனார் தரையைப் பார்த்தாள். அந்தச் செய்திகளை அனுப்பியது அவள்தான்.

பதினெட்டுப் பேரும் கிடைத்தார்கள். பதினைந்து பேர் தேர்ச்சி. மொத்தத்தில் அறுபதில் முப்பத்தொன்று. ஏறக்குறைய ஐம்பத்திரண்டு சதவீதம். முப்பத்தொன்பதிலிருந்து அறுபத்து நான்குக்குள்.

டீச்சர் வகுப்பில் பழைய கணக்கை மறுபடி எழுதி, அதன் மேல் குறுக்குக் கோடு போட்டாள். “இது தப்பு. ஏன் தப்புன்னு எழுதுங்க. ரெண்டு மார்க்” என்றாள். கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, “அப்ப சார் ஜெயிச்சுட்டாரா மிஸ்?” என்றாள்.

“ரெண்டு பேரும் தோத்துட்டோம். அவர் கொஞ்சம் அதிகமா.”

கணவரிடம் புதுத் தாளைக் கொடுத்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

“அறுபத்தி நாலு வரைக்கும் இருக்கலாம்ங்கற.”

“இருக்கலாம்.”

“அப்ப அறுபத்தி நாலுன்னு போட்டுக்கலாம்ல?”

“முப்பத்தொன்பதுன்னும் போட்டுக்கலாம்.”

“அது எதுக்கு?” என்றார் கணவர், உண்மையிலேயே புரியாமல்.

பேனர் மாறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சேர்க்கைக்கான பெற்றோர் கூட்டம். டீச்சரையும் மேடையில் உட்கார வைப்பது வழக்கம். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் இயக்குநரின் மனைவி என்றால் ஒரு கனம். மின்விசிறி கடகடக்கும் பெரிய அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். கணவர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தொண்ணூற்று நான்கை நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறை வாயெடுக்கும்போது முன்வரிசையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார்.

“சார், மேடம் கணக்கு டீச்சர்னு சொன்னீங்க. அவங்க வாயால சொல்லட்டும். இந்தத் தொண்ணூத்தி நாலு உண்மையா?”

கணவர் சிரித்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கெஞ்சல் இருந்தது. டீச்சர் எழுந்தாள். வாழ்க்கையில் இதற்காகத்தான் கணக்குப் படித்தோம் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது.

“உண்மை இல்லைங்க. போன ரெண்டு வருஷத்துல இங்க படிச்சவங்கள்ல அறுபது பேரைக் குலுக்கல் மாதிரி எடுத்து, ஒருத்தரைக் கூட விடாம விசாரிச்சேன். முப்பத்தொரு பேர் பாஸ். அதாவது பாதி. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். தொண்ணூத்தி நாலு எந்தக் கணக்குலயும் வராது.”

நாற்காலிகள் பின்னால் நகரும் ஓசைக்காக அவள் காத்திருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“பாதிப் பேரு பாஸுன்னா நல்லாத்தானே இருக்கு? எதிர்த்த சென்டர்ல தொண்ணூத்தி ஒம்போதுன்னு வாய் கூசாம சொல்றான். இங்க சொந்தப் பொண்டாட்டியே எந்திரிச்சு உள்ளதச் சொல்றாங்க. பிள்ளையை நம்பி விடறதுன்னா இந்த மாதிரி இடத்துலதான் விடணும்.”

“கரெக்டு” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

கணவர் தண்ணீர் இயந்திரம் விற்றவர் அல்லவா, ஒரு மூச்சு விடும் நேரத்தில் சுதாரித்துக்கொண்டார். “இதுதாங்க எங்க நேர்மை! அதுக்குத்தான் வீட்டுக்காரம்மாவையே வச்சு ஆய்வு பண்ணச் சொன்னேன்!” என்று ஒலிவாங்கியில் முழங்கினார். கைதட்டல் எழுந்தது. வரிசை நாத்தனாரின் மேஜையிலிருந்து படிக்கட்டு வரை நீண்டது.

டீச்சர் மேடையிலேயே உட்கார்ந்து அந்த முகங்களைப் பார்த்தாள். பாதி என்று அவள் சொன்னதை எல்லோரும் சரியாகத்தான் கேட்டிருந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் தங்கள் பிள்ளையை ஜெயிக்கிற பாதியில் உட்கார வைத்துவிட்டு, தோற்கிற பாதியை முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஒரு தகப்பனார், முன்னால் நின்ற பையனின் கலைந்த தலையைப் பார்த்துவிட்டுத் தன் மகளைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டதை அவள் கண்ணால் கண்டாள். இவர்களுக்கு எண் தேவையே இல்லை. எண் சொல்லும் ஓர் ஆள் இருந்தால் போதும். பொய் அறை வரைக்கும் இழுத்து வந்த கூட்டத்தை அவளுடைய நிஜம் மேஜை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வாரமே புதுப் பேனர் ஏறியது: “உண்மையைச் சொல்லும் ஒரே பயிற்சி மையம்.” கணவர் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகமும் இருந்தது. எப்போது எடுத்த படம் என்று தெரியவில்லை. அதில் யாரையோ எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருஷமும் இதே மாதிரி ஒரு ஆய்வு செஞ்சு குடும்மா” என்றார் கணவர், சோற்றைப் பிசைந்தபடி. குரலில் தேன் வழிந்தது. “எல்லாத்தையும் சரியா அளந்திருக்க, சும்மா சொல்லக் கூடாது.”

“ஒண்ணை அளக்கலை.”

“என்னது?”

“உங்ககிட்ட வராம வீட்லயே படிச்சவங்கள்ல எத்தனை பேர் பாஸாகறாங்கன்னு. எங்க ஸ்கூல்ல முக்கால்வாசிப் பிள்ளைங்க எந்த சென்டருக்கும் போகாதவங்கதான். அதுலயும் பாதிப் பேர் பாஸுன்னா, நீங்க எதுக்கு இருக்கீங்க?”

இந்தக் கேள்வி பெற்றோர் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதும், நேற்று வரை தனக்கும் தோன்றவில்லை என்பதும் டீச்சருக்குத் தெரியும். அதில் இரண்டாவதுதான் அவளை அதிகமாக உறுத்தியது.

“அதெல்லாம் யாரு கேக்கப் போறா?” என்றார் அவர், மெதுவாக.

“யாரும் கேக்க மாட்டாங்க. நான் கேப்பேன்.”

கணவர் கை கழுவ எழுந்துபோனார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் மாலை டீச்சர் எந்த மையத்துக்கும் போகாத பள்ளியின் பழைய மாணவர்கள் பெயர்களையும் போன் நம்பர்களையும் எடுத்துக்கொண்டு வந்து வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தாள். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, “மறுபடியுமா அண்ணி? அண்ணனுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை. சாப்பாட்டை வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு.”

நாத்தனார் இயக்குநரின் மூடிய கதவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுழல் நாற்காலியை அண்ணிக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, “சரி, முதல் நம்பரைச் சொல்லுங்க” என்றாள்.